இரண்டு எண்ணிக்கை

"நம்ம பாட்டைத் திருடிட்டானுங்கடா"
திரைக்குப் பின்னால் நின்று தெய்வேந்திரன் கத்தினான்.
பாகாவ் மண்டபம், சனிக்கிழமை, எழுபத்து மூன்று.
மேடையில் ரொம்பின் தோட்டத்துப் பையன்கள்,
ஐந்து பேருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை.

நம்ம பாட்டு என்றால்
லண்டனில் யாரோ போட்ட பாட்டு.
பெயர் சொன்னபோது இரைச்சல் வந்து
அறிவிப்பாளரின் வாயைப் பொத்திவிட்டது.
வாத்தியாரிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை
ரேடியோவின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்து
ஒரே ஒரு ராத்திரி பிடித்தது.
வெளியே மழை, நாய், கிராணியின் இருமல்,
எல்லாம் சேர்ந்துதான் பாட்டு.

ஏழு, மறுபடி ஏழு, அப்புறம் ஐந்து.
தகிட தகதிமி என்று கிம் சூனுக்குச் சொன்னதும்
பிடித்துக்கொண்டான்,
தைப்பூசத்தில் உறுமி கேட்டு வளர்ந்தவன்தானே.
ஐந்து முடிந்ததும் இரண்டு எண்ணிக்கை
ஒன்றுமே இல்லை.
லண்டன்காரன் அங்கே மூச்சு விடுகிறான் என்று
மரியதாஸ் அடித்துச் சொன்னான்.
ஆறு மாதம் அந்த மூச்சைத்தான் பழகினோம்.
வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பது கஷ்டம்,
என் பேஸ் கித்தாருக்கு விரல் அரிக்கும்.

ரொம்பின்காரன்களும் அதே இடத்தில் நிறுத்தினார்கள்.
அதே இரண்டு.

அடுத்து எங்கள் முறை.
வேறு பாட்டு கிடையாது கைவசம்.
இருந்ததெல்லாம் இருபத்து மூன்று நிமிட அந்தப் பாட்டும்
டிரெஸரிடம் கெஞ்சி வாங்கிய கொசுப்புகை மெஷினும்.
பத்திரிகைப் படத்தில் மேடை முழுக்க மேகம் இருந்தது,
எங்களுக்கும் மேகம் வேண்டும்.

மேகம் வந்தது, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு.
முதல் வரிசையில் நகராண்மைத் தலைவர் எழுந்து ஓடினார்,
பின்னாலேயே அவர் மனைவி, செருப்பில்லாமல்.
மரியதாஸ் கண்ணீர் வழிய ஆர்கனை அழுத்துகிறான்.
மைக்கில் உதடு பட்ட தெய்வேந்திரன்
"ஐயோ" என்றது சுருதியில் இருந்தது,
அதற்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டல்.

பதினோராவது நிமிடம் கரண்ட் போனது.

ஆர்கன் மாடு செத்ததுபோல் கீழே இறங்கி நின்றது.
என் கித்தார் வெறும் பலகை.
கிம் சூன் மட்டும் இருட்டில் விடாமல் அடிக்கிறான்,
ஏழு, ஏழு, ஐந்து,
நிறுத்தினான்.

அந்த இரண்டில்
பக்கத்துத் திரை மறைவில் இன்னொருவனும்
எண்ணுவது கேட்டது. முணுமுணுப்பாக.
ரொம்பின் டிரம்மர் பவுல்ராஜ்.
மூன்றாவதற்கு அவன் நாற்காலி முதுகில் தட்டி உள்ளே வந்தான்,
கிம் சூனும் அவனும் புகைக்குள் புகுந்து
எவ்வளவு நேரம் போனார்களோ,
எனக்குத் தெரிந்து ஒருவரும் இருமவில்லை.

விளக்கு வந்தபோது
முன் வரிசைப் பெண் ஒருத்தி,
மடியில் தூங்கும் பிள்ளை,
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"தம்பி, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

*

இசைத்தட்டு தீபாவளி கழிந்து வந்தது,
கிம் சூனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.
பவுல்ராஜையும் கூப்பிட்டோம்.
தெய்வேந்திரன் வரவில்லை, அவனுக்கு இன்னும் கோபம்.

ஏழு, ஏழு, ஐந்து.
அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் இருந்தது.
மெல்லிசு, இரண்டே எண்ணிக்கை,
காபி மேல் ஆடை போல.
அன்றைக்கு அலை அமுங்கியதில்
இரண்டு தோட்டத்துக்கும் அது வந்து சேரவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"நல்லாவே இல்ல" என்றான் பவுல்ராஜ்.
மரியதாஸ் ஊசியை மறுபடி முதலில் வைத்தான்.
குழல் வரும் இடம் நெருங்கியதும்
கிம் சூன் எட்டி
ஒலிபெருக்கியின் திருகைக் குறைத்து,
ஒன்று, இரண்டு,
திரும்ப ஏற்றினான்.